மரகதத்தின் காரில் ஒரு சொட்டுத் தண்ணீர்

ஏற்காட்டு மலையில் பிறந்த ஒருவன் ஆயுள் முழுக்க கார் ஏசி மெக்கானிக்காகப் பிழைத்தான் என்று சொன்னால் எங்கள் ஊர்ப் பக்கம் இன்றும் சிரிப்பார்கள். மார்கழியில் குல்லாயும் கம்பளியுமாக வெள்ளக்கடை பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு ஏசியால் என்ன ஆகவேண்டியிருக்கிறது? நான் வேலை பார்த்தது கீழே, சேலத்தில், ஐந்து ரோட்டுக்குப் பக்கத்துப் பட்டறை ஒன்றில். முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் வேலையை விட்டுவிட்டு மலைக்கே திரும்பிவிட்டேன்.

சமீபத்தில் பட்டறைக்குப் போயிருந்தபோது புதிதாக ஒரு மெஷின் வாங்கி வைத்திருந்தார்கள். காரில் இரண்டு குழாயை மாட்டிப் பட்டனைத் தட்டிவிட்டால், பழைய கேஸை அதுவே உறிஞ்சிக்கொள்கிறது. குழாய்களைக் காலியாக்குகிறது, கசிவு பார்க்கிறது, எடை போட்டுப் புதுக் கேஸ் நிரப்புகிறது. வேலை செய்கிறவர்கள் அதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அவர்களில் ஒருவர்தான் கேட்டார், இது இல்லாத காலத்தில் உங்களை அதிகம் படுத்திய வண்டி எது என்று. யோசிக்காமல் பதில் சொன்னேன்: மரகதத்தின் கார். கதையைக் கேட்டார்கள். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் தொழில் பழகிய கதை சின்னது. படிப்பு ஏறாததால் மலையிறங்கினேன். ரேடியேட்டருக்கு ஈயம் வைக்கும் கடையில் கொஞ்ச காலம், அப்புறம் இந்தப் பட்டறை. வந்த புதிதில், ஏசி என்றால் எங்கோ ஒரு பெட்டிக்குள் குளிரைத் தயார் செய்து உள்ளே அனுப்புகிறார்கள் என்றே நினைத்திருந்தேன். அப்படி எதுவும் இல்லை. காருக்குள் இருக்கும் சூட்டை ஒரு கேஸ் வாங்கிக்கொண்டு போய் வெளியே கொட்டிவிட்டு வருகிறது. திரும்பத் திரும்பப் போய்வருகிறது, அவ்வளவுதான். வெயில் கொளுத்தும் முற்றத்தில், நம்மைவிடச் சூடான காற்றிடம் கொண்டுபோய் மேலும் சூட்டை ஒப்படைத்துவிட்டு வர ஒன்றால் முடிகிறது என்பது எனக்கு அன்றைக்குப் பிடிபடவில்லை. விவரம் தெரிந்த பிறகும் அந்த ஆச்சரியம் போகவில்லை.

பட்டறை சரோஜா அக்காவுடையது. கணவர் இறந்த பிறகு அவர்தான் நடத்தினார். ஸ்பானர் பிடிக்கத் தெரியாது. ஆனால் அவர் ஒத்துக்கொள்ளாமல் ஒரு வண்டியும் வெளியே போகாது. வேலை முடிந்ததும் வண்டியை உச்சிவெயிலில் முற்றத்தில் நிறுத்தச் சொல்வார். பின்சீட்டில் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, மடியில் ஒரு முறத்தை வைத்துக்கொண்டு கீரை ஆய்வார். அன்றைக்குக் கீரை இல்லையென்றால் பூண்டு உரிப்பார். நாங்கள் வெளியே நின்று கண்ணாடி வழியாக அவர் மேலுதட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம். அங்கே ஒரு முத்து வேர்வை துளிர்த்தால் போச்சு. முறத்தோடு இறங்கி, பானெட்டை விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டு ஆபீசுக்குள் போய்விடுவார். மறுபடியும் பிரிக்கவேண்டும் என்று அர்த்தம். குளிர்ந்திருந்தால், ஆய்ந்த கீரையை எடுத்துக்கொண்டு சமையலுக்குப் போவார். அதுதான் எங்களுக்குக் கிடைக்கும் சர்டிபிகேட்.

மரகதத்தின் காருக்கு முன்னால் இன்னொன்றைச் சொல்லவேண்டும். ஏற்காட்டில் ஒரு லாட்ஜ்காரருடைய வண்டியை அங்கேயே போய்ச் சரிசெய்யும்படி அக்கா அனுப்பினார். ஏசி குழாய்களைக் கழற்றி மாட்டினால், கேஸ் நிரப்பும் முன் உள்ளே இருக்கும் காற்றை வாக்குவம் பம்ப் வைத்து முழுக்க இழுத்துவிட வேண்டும். சேலத்தில், அழுத்தம் காட்டுகிற கேஜின் முள் இருபத்தொன்பது வரை இறங்கும். அன்று ஏரிக்கரையில் என் பம்ப் இருபத்தைந்திலேயே நின்றுவிட்டது. கசிவு தேடினேன், இல்லை. குழாய்களை மாற்றினேன், அதே இருபத்தைந்து. பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டி, அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி அடிவாரத்தில் இறங்கினேன். தெரிந்த ஒருவரின் கடையில் கரண்டு வாங்கி ஓட்டினால் முள் நேராக இருபத்தொன்பதுக்குப் போய் நிற்கிறது. பம்பில் ஒரு குறையும் இல்லை. திரும்ப ஏறும்போது, நடுவில் ஒரு கொண்டை ஊசி வளைவில் டீக்கடை பார்த்து இறங்கி மறுபடி ஓட்டினேன். இருபத்தேழு.

அந்த டீக்கடை பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மலைமேல் இழுப்பதற்குக் காற்றே கம்மி. மலை ஏற ஏற, நம்மை அழுத்தும் காற்று குறைந்துகொண்டே போகிறது. அந்த முள் இத்தனை நேரமும் மலையைத்தான் அளந்துகொண்டிருந்தது. சேலத்துப் பாத்திரத்தில் வேகிற பருப்பு எங்கள் ஊட்டில் ஏன் வேகமாட்டேன் என்கிறது என்று என் வீட்டுக்காரி மாமியாரோடு சண்டை போட்டதெல்லாம் அப்போது ஞாபகம் வந்தது. காற்று அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். பருப்புக்குப் போதுமான சூடு கிடைக்காது. படித்தவர்களுக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம். நான் பிறந்து வளர்ந்த மலையை அன்றைக்குத்தான் புதிதாகப் பார்த்தேன்.

மரகதத்தின் கார் வந்தது அதற்குப் பல வருஷங்கள் கழித்து, ஒரு சித்திரையில். ஓட்டிவந்தவர் அவருடைய கணவர் முருகேசன். ஏற்காட்டுக்குப் பக்கத்துக் கிளியூரில் ஜீப் ஓட்டுகிறவர். கார் நொம்பப் பழசு. இரண்டு கை மாறி இவர்களிடம் வந்திருந்தது. ஏசி மட்டும் சரியாக இருக்கவேண்டும், மற்றது எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்றார். ஏற்காட்டில் இருந்துகொண்டு ஏசிக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டேன். அப்போதுதான் மனைவியைப் பற்றிச் சொன்னார்.

மரகதத்துக்குப் பிறவியிலேயே வேர்க்காது. வேர்வை சுரக்கிற சுரப்பிகளே உடம்பில் இல்லை. வேர்த்தால்தான் உடம்புச் சூடு இறங்கும். வேர்க்காத உடம்பு வெயில் பட்டால் காய்ச்சல்போல ஏறிக்கொண்டே போகும், அதை இறக்க வழி கிடையாது. அவருடைய அம்மா எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவர். தாத்தா காலத்தில் கீழ்நாட்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்த குடும்பம். இந்தப் பிள்ளை கீழே பிறந்திருந்தால் ஒரு கோடையைக்கூடத் தாண்டியிருக்காது என்று டாக்டர் சொன்னாராம். மலையின் குளிர்தான் வளர்த்தது. மேலேயும் பங்குனி, சித்திரையில் தோளில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டுதான் தையல் மெஷினில் உட்காருவாராம்.

இப்போது அந்த அம்மாவுக்கு இதயத்தில் அடைப்பு. சேலத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள், அதுவும் கத்திரி வெயிலில். தள்ளிப்போட முடியாது. மரகதம் ஒரே பிள்ளை. நீ வரக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கப் பார்த்தார். மரகதம் சத்தியம் செய்யவில்லை.

வாடகைக் காரில் ஏசி இருக்கிறதே என்றேன். முருகேசன் தலையை ஆட்டினார். ஒருமுறை அப்படித்தான் கீழே போய் வந்தார்களாம். திரும்பும்போது முதல் வளைவுகளிலேயே, இன்ஜின் சூடாகிறது என்று டிரைவர் ஏசியை அணைத்துவிட்டார். எங்கள் மலையில் அது வழக்கம். போடச் சொல்லிக் கெஞ்சியும், கொஞ்ச தூரந்தானே என்று ஓட்டியிருக்கிறார். மரகதம் இவர் மடியில் சாய்ந்த பிறகுதான் வண்டி நின்றது. ஒரு வளைவில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துத் தலையில் ஊற்றி ஊற்றித்தான் பிழைக்க வைத்திருக்கிறார்கள்.

"அன்னைக்கே முடிவு பண்ணீட்டனுங்க. சுவிட்சு எங்க கையில இருக்கோணும்" என்றார் முருகேசன்.

கோளாறு இதுதான். மலையில் ஓட்டினால் ஏசி ஜில்லென்று இருக்கும். கீழே கொண்டுவந்தால் கொஞ்ச நேரம் நன்றாக இருந்துவிட்டு, திடீரென்று வெறும் சூடான காற்று வரும். பட்டறையைத் தேடிப்போய்ச் சேருவதற்குள் மறுபடியும் குளிர்ந்துவிடும். ஏற்கெனவே இரண்டு இடத்தில் பார்த்து, ஒன்றுமில்லை என்று கேஸை மட்டும் நிரப்பி அனுப்பியிருக்கிறார்கள். நானும் அன்று கேஜ் மாட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். கெட்டுப்போன வண்டியைச் சரி செய்யலாம். நன்றாக இருக்கிறேன் என்று நடிக்கிற வண்டியை என்ன செய்வது?

சரோஜா அக்கா ஆபீஸிலிருந்து எழுந்து வந்தார். முறத்தைத் தேடவில்லை. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "ஓட்டுங்க தம்பி. அது கெடுற வரைக்கும் ஓட்டுங்க" என்றார்.

நல்ல உச்சிவெயில். முருகேசன் ஓட்ட, நான் பக்கத்தில் கேஜைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஓமலூர் தாண்டும் வரை குளிரில் கை விறைத்தது. அதற்கப்புறம் டேஷ்போர்டுக்குள் சன்னமாகக் கேட்டுக்கொண்டிருந்த சீறல் சத்தம் நின்றது. கேஸ் குறுகலான வழியில் பாய்கிற சத்தம் அது. கேஜின் முள் சரிந்துகொண்டே போனது. கொஞ்ச நேரத்தில் அனல்காற்று வந்தது. அக்காவின் மேலுதட்டில் வேர்வை. புளியமரத்தடியில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். திரும்பப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஜில்லென்று வருகிறது.

"இப்படித்தானுங்க ஏமாத்துது" என்றார் முருகேசன்.

எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. இன்னொரு தடவை ஓட்டச் சொல்லி, சீறல் நின்றதும் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினேன். இந்தமுறை இன்ஜினை அணைக்க விடவில்லை. முன்சீட்டுக்கு எதிரில் இருக்கும் பெட்டியைக் கழற்றினால் உள்ளே எக்ஸ்பான்ஷன் வால்வு தெரியும். கேஸ் அதன் ஊசித்துளை வழியாகப் பாய்ந்துதான் சட்டென்று குளிர்கிறது. டீக்கடையில் கொதிக்கிற தண்ணீரைக் கேட்டு வாங்கி, துணியை நனைத்து, வால்வைச் சுற்றி வைத்துப் பிடித்தேன். இரண்டு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. உள்ளே 'ஸ்ஸ்' என்று சத்தம் கிளம்பியது. இறங்கி நின்ற அக்கா ஜன்னல் வழியாகக் கையை உள்ளே நீட்டிப் பார்த்தார். குளிர்ந்த காற்று.

உள்ளே ஐஸ் கட்டியிருந்தது. எப்போதோ மழைக்காலத்தில், மேகம் தரையில் உருளுகிற நாளில் யாரோ மலையில் வைத்துக் குழாயைத் திறந்து போட்டிருக்கிறார்கள். ஈரக்காற்று உள்ளே புகுந்துவிட்டது. மலையில் ஏசியைக் கொஞ்ச நேரம்தான் போடுவார்கள், அதனால் தெரியவில்லை. கீழே விடாமல் ஓடும்போது அந்த ஈரம் வால்வின் துளையில் வந்து உறைந்து, வழியை அடைத்துவிடுகிறது. அணைத்தால் உருகிவிடும். ஒரு தடயமும் இருக்காது.

"எத்தனை தண்ணி இருக்கும் சின்னசாமி?" என்று கேட்டார் அக்கா.

"ஒரு சொட்டு இருந்தா அதிகங்க்கா."

ரோட்டில் தார் இளகிக் கொண்டிருந்தது. அந்த அனலுக்கு நடுவே, ஒரு விரல் நுனியளவு இடத்தில் பனி உறைந்து, மலைமேல் இருக்கிற ஒரு பெண்ணின் உயிரை மறித்துக்கொண்டு நிற்கிறது.

பழைய கேஸை முழுக்க வெளியே எடுத்தோம். நைட்ரஜன் விட்டுக் குழாய்களை ஊதினோம். மூட்டுகளில் இருந்த ரப்பர் வளையங்கள் எல்லாம் புதிது. டிரையர் என்று ஒரு சின்ன உருளை உண்டு. அதற்குள் இருக்கும் மணிகள்தான் ஈரத்தைக் குடிக்கும். பழைய டிரையரை அறுத்துப் பார்த்தேன். குடித்துக் குடித்து மணிகளெல்லாம் ஊறிப்போயிருந்தன. அதையும் மாற்றினோம். மிச்ச ஈரத்தை எடுக்க வாக்குவம் ஒன்றுதான் வழி. காற்றை இழுத்துவிட்டால் உள்ளே அழுத்தமே இருக்காது. அப்போது தண்ணீர் அடுப்பில்லாமலே கொதித்து ஆவியாகும். அந்த ஆவியைப் பம்ப் இழுத்துக்கொள்ளும். ஆனால் குழாய் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாகக் கொதிக்கும்.

வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளி, முற்றத்து வெயிலில் நிறுத்தினேன். நிழலில் செய்யக்கூடாதா என்று அக்கா கேட்டார். வெயிலில்தான் காயும் என்று காரணத்தைச் சொன்னேன்.

"அந்தப் புள்ளைய எந்த வெயிலு அண்டக்கூடாதோ, அதே வெயிலா இதக் காய வெக்குது?"

"ஆமாங்க்கா."

அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, பம்ப் ஓடுகிற வரைக்கும் அந்த வெயிலிலேயே நின்றார். முள் இருபத்தொன்பதில் நின்றது. ஈரமில்லாத நைட்ரஜனை உள்ளே நிரப்பி, மறுபடி இழுத்தேன். இன்னொரு தடவையும் செய்தேன். பம்பை அணைத்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. பிறகுதான் எண்ணெய் விட்டு, தராசில் சிலிண்டரை வைத்துக் கேஸ் ஏற்றினேன்.

அடுத்த நாள் அக்கா பின்சீட்டில் உட்கார்ந்து மேட்டூர் வரை போய் வந்தார். எங்கேயும் அணைக்காமல், கடைசியில் ஆள் நடமாட்டத்துக்கு நடுவே இன்ஜின் ஓட நிறுத்திவைத்தும் பார்த்தார். இறங்கும்போது போர்வை கேட்டார். ஆனாலும் அவருக்கு மனம் ஆறவில்லை.

"நீயே மேல போயி அந்தப் புள்ளையக் கூட்டியா. முன்னால உக்காந்து அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டே வா" என்றார்.

ஆபரேஷன் அன்று காலையில் கிளியூருக்குப் போனேன். அம்மாவை முன்னதாகவே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மரகதத்தை அன்றுதான் முதலில் பார்த்தேன். மெலிந்த உடம்பு, இளம்பிள்ளைக்கு இருப்பதுபோலச் சன்னமான முடி, நிமிர்ந்த பார்வை. கிளம்பும் முன் இன்ஜினை ஓடவிட்டுப் பானெட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏனுங்கண்ணா, இந்தப் பைப்புல தண்ணி வருதே, ஓட்டைங்களா?"

"இல்ல கண்ணு. உள்ள குளிர்ச்சி போகுதல்ல, அதான் பைப்பு வேர்க்குது."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மரகதம் கையை நீட்டி, அந்தக் குழாயின் ஈரத்தை ஒரு விரலால் வழித்து எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பைப்புக்குக்கூட வேர்க்குதுங்களா" என்று சிரித்தார். அதில் வருத்தம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

முருகேசன் ஓட்ட, வளைவு வளைவாக இறங்கினோம். எனக்குக் காது அடைத்துத் திறந்தது. அடிவாரத்தில் சூடு கண்ணாடியை வந்து மோதியது. சீறல் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. மரகதம் பின்சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, சேலம் தொடங்கும் கோரிமேட்டிலிருந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கோடையின் பகல் வெளிச்சத்தில் அவர் சேலத்தைப் பார்த்ததில்லை. நுங்கு வெட்டுகிறவர், தலையில் துணி போர்த்தி ஸ்கூட்டியில் போகிற பெண்கள், சாலைக்கு மேலே தண்ணீர்போல நெளிகிற கானல், எல்லாவற்றையும் பார்த்தார். உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து, சூடு தாங்காமல் எடுத்து, மறுபடி வைத்தார்.

"இத்தன வெயில்லயா எல்லாரும் நடக்கறாங்க?" என்றார். நான் தினமும் நடந்த வெயில்தான். அவர் கேட்ட பிறகு எனக்கும் நம்பமுடியாததாகத் தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் முன்னால் மாரியம்மன் ஊர்வலம் ஒன்று குறுக்கே போனது. வண்டிகள் நகரவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு, மேளச் சத்தத்துக்கு அடியில் அந்தச் சீறலைத் தேடினேன். கேட்கவில்லை. காற்று வரும் இடத்தில் விரலை வைத்தேன். குளிர்ந்தது. விரலை எடுக்கவே இல்லை. ஊர்வலம் தாண்டிப் போய், வண்டி நகர்ந்து, ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் வரை அப்படியே வைத்திருந்தேன். விரல் மரத்துப்போனது.

வாசலிலிருந்து உள்ளே நடக்கும் தூரத்துக்கு மட்டும் மரகதம் நனைத்த துண்டைத் தலையிலும் தோளிலும் போட்டுக்கொண்டார். ஆபரேஷன் தியேட்டருக்கு முந்தைய அறை ஏசி அறை. அம்மாவைப் பச்சை உடையில் தள்ளுபடுக்கையில் படுக்க வைத்திருந்தார்கள். நாங்கள் கதவருகிலேயே நின்றுவிட்டோம்.

மகளைப் பார்த்ததும் அந்த அம்மா திட்டினார். வராதே என்று சொன்னேன் அல்லவா, உனக்கு ஏதாவது ஆனால் நான் எதற்குப் பிழைத்து எழவேண்டும் என்று கோபத்தில் மூச்சிரைத்தார். மரகதம் குனிந்தார். அந்த அம்மா திட்டிக்கொண்டே ஊசி குத்தாத கையைத் தூக்கி, மகளின் துண்டை விலக்கி, பின்கழுத்தில் வைத்தார். கை அங்கேயே நின்றது. பிறகு நெற்றியில் வைத்தார். பிறகு முதுகில், ரவிக்கைக்கு மேலே. பிள்ளையாக இருந்தபோது, தோட்டத்தில் பழக் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்து இப்படித்தான் தொட்டுப் பார்ப்பாராம். மரகதம் பின்னால் சொன்னார்.

"சூடே இல்லையே சாமி" என்றார் அந்த அம்மா. குரல் மாறிவிட்டது. பக்கத்தில் நின்ற நர்ஸைத் திரும்பிப் பார்த்து, "போலாம் கண்ணு, கூட்டிட்டுப் போ" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அந்தக் கோடை முழுக்க மரகதம் அநேகமாகத் தினமும் இறங்கி ஏறினார். ஒருநாளும் வண்டி அவரைக் கைவிடவில்லை. அந்த அம்மா இன்றும் கிளியூரில் கோழி வளர்க்கிறார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் முட்டை கொடுத்தனுப்புகிறார். ஆனால் அன்றைக்கு, தியேட்டர் கதவு மூடியபோது, இதெல்லாம் எனக்குத் தெரியாது. உள்ளே இருக்க முடியாமல் ஆஸ்பத்திரி முற்றத்துக்கு வந்து, காருக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றேன். நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. வழக்கம்போலத் துண்டை எடுத்தேன். அப்போதுதான் லேசாக ஒரு காற்று அடித்தது. வேர்வை வழிந்த இடமெல்லாம், நெற்றி, கழுத்து, முதுகு என்று, ஒவ்வொன்றாகக் குளிர்ந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, துடைக்காமல் அப்படியே நின்றேன்.